கருப்பராயன் பள்ளத்தில் தண்ணீர் வராது

1996ஆம் வருஷம், ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், ஊர் வரைபடத்தில் தன் வீடு இருக்கும் கட்டத்துக்குத் தானே நிறம் தீட்ட உட்கார்ந்தாள் கோமளா. பக்கத்தில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினேழாம் கட்டம்: நிறம் வேண்டாம். நிறம் வேண்டாம் என்றால் அங்கே வெள்ள ஆபத்தில்லை என்று அர்த்தம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பாவம், கண்ணாடியின் மேல் குற்றமில்லை.

கோமளாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சோமனூரில் நான்கு விசைத்தறி ஓடிய வீட்டில் பிறந்தவள். தறி ஓடும்போது யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. அதனால் சின்ன வயதிலேயே பேச்சைக் குறைத்துக்கொண்டு பென்சிலைப் பிடித்தவள். ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். லேத் பட்டறையில் டர்னராக இருந்த சென்னிமலைக்கு வாழ்க்கைப்பட்டுக் கோயமுத்தூர் வந்தாள். மாமனார் மில்லை விட்டு நின்றபோது, எல்லோரும் சைட்டு வாங்குகிறார்களே என்று கருப்பராயன் பள்ளத்தில் ஒரு சைட்டு வாங்கி வீடு கட்டினார். விலை ஏன் அத்தனை மலிவு என்பது அந்த வருஷம் ஐப்பசியில் தெரிந்தது.

ஓடை வாசலில் நிற்காமல் நேராக அடுப்படிக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அது வந்துகொண்டுதான் இருந்தது. கடைசியாக வந்தது மூன்று வருஷம் முன்பு. பக்கவாதத்தில் படுத்திருந்த மாமனாரின் கட்டிலுக்குக் கீழே செங்கல்லை அடுக்கி அடுக்கி உயர்த்தினார்கள். மூன்று வரிசை அடுக்கியும் தண்ணீர் மெத்தையைத் தொட்டது. விடிய விடிய அந்த ஈரத்தில் கிடந்த மனிதருக்கு மார்ச்சளி கட்டி, பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார். மாமியார் தெய்வாத்தாள் அந்த மெத்தையை ஓடைக்கரையில் போட்டு எரித்தபோது அழுத அழுகை கோமளாவுக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்கு நிறம் வேண்டாமாம்!

அவள் வேலை பார்த்த கம்பெனி திருச்சி ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. கோயமுத்தூரின் அடுத்த இருபது வருஷத்தைக் கணித்துச் சொல்வதுதான் அப்போது அவர்கள் எடுத்திருந்த வேலை. ஊரைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருக்கிறார்கள், நிலம் என்ன விலை, பஸ் எத்தனை தூரம், மில்லும் பட்டறையும் எவ்வளவு பக்கம் என்று கம்ப்யூட்டரில் ஏற்றினால், 2016இல் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று அது அச்சடித்துத் தரும். வெள்ளம் வருகிற கட்டங்களை மட்டும் சிவப்பாக்கி ஒதுக்கிவிட வேண்டும். சிவப்புக் கட்டத்தில் புது லேஅவுட் கூடாது. ஓடையை அகலமாக விட்டு, கரைக்குச் சுவர் எழுப்பவேண்டும் என்று திட்டம் சொல்லும். நிறமில்லாத கட்டம், அதிலும் விலை மலிவான கட்டம் என்றால் கம்ப்யூட்டருக்குக் கொள்ளை ஆசை. ஜனத்தைக் கொண்டுபோய் அங்கே கொட்டும்.

கருப்பராயன் பள்ளத்தில் அன்றைக்கு முப்பத்தாறு வீடு, நூற்று எழுபது பேர். 2016இல் எழுநூற்று நாற்பது பேர் என்று தாளில் இருந்தது. அத்தனை பேருக்கும் வீடு கட்ட வேண்டுமென்றால் ஓடையின் மேல்பக்கத்தை மண் கொட்டி மூடவேண்டும். மூடிவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? முழங்காலுக்கு வந்தது கழுத்துக்கு வரும். கோமளா தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். எழுந்து முதலாளி சுந்தரராஜுலுவின் அறைக்குப் போனாள்.

"சார், இருநூத்திப் பதினேழுல தப்பு இருக்குதுங்க."

"என்ன தப்புங்கம்மா?"

"அங்க தண்ணி வருமுங்க. நானு குடியிருக்கறதே அங்கதானுங்க."

சுந்தரராஜுலு கோபப்படாத மனிதர். அதுதான் அவரிடம் பெரிய கஷ்டம். அலமாரியிலிருந்து ஃபாரக் கட்டு ஒன்றை எடுத்து, எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த காலேஜ் பிள்ளைகள் நிரப்பியவை அவை. 'மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுவது உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே முப்பத்தாறு ஃபாரத்திலும் 'இல்லை' என்றிருந்தது.

"முப்பத்தாறுக்கு முப்பத்தாறுங்க. ஓட்டுப் பெட்டில கூட இத்தனை ஒத்துமையைப் பார்க்க முடியாது" என்று சிரித்தார். பிறகு ஒரு ஃபாரத்தை உருவினார். "குடும்பத் தலைவர் தெய்வாத்தாள். இது யாருங்க?"

கோமளா ஃபாரத்தை எட்டிப் பார்த்தாள். "என்ற மாமியாருங்க."

"அப்ப நானு உங்களை நம்பறதா, உங்க மாமியாரை நம்பறதா? மாமியா மருமக சண்டையெல்லாம் ஊட்டோட வெச்சுக்கோணுமுங்க அம்மணி. பிளான்ல கொண்டாந்து போடப்படாது."

வெளியே மேஜைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது. ஆனால் அந்த 'இல்லை' எப்படி வந்தது என்று அந்த வினாடியே நினைவுக்கு வந்துவிட்டது. கோபத்தை யார்மேல் காட்டுவது?

நாத்தனார் கீதாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் கணக்கெடுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தோளில் பையோடு நின்ற பிள்ளை அத்தனை பேர் முன்னாலும் உரக்கக் கேட்டான், வீட்டுக்குள் வெள்ளம் வருமா என்று. தெய்வாத்தாள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஏனுங் தம்பி, நல்ல நாளும் அதுவுமா இப்படிக் கேக்கறீங்க? எங்க ஊட்டுல தண்ணி வேணும்னா கொழாயைத் தொறந்தாத்தான் வரும். அதுவும் நாலு நாளைக்கு ஒருக்கா!" மாப்பிள்ளை வீட்டார் கலகலவென்று சிரித்தார்கள். அடுப்படியில் கேசரி கிளறிக்கொண்டிருந்த கோமளாவும் அதைக் கேட்டாள். கேட்டும் வாய் திறக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லையே!

"சரிங்கம்மா, உங்களுக்காக ஒண்ணு செய்யறேன்" என்றார் சுந்தரராஜுலு. "மூணுல ஒரு பங்கு வீடு 'ஆம்'னு சொன்னாக் கட்டம் செவப்பு. பன்னெண்டு சொந்த வீட்டுத் தலைவருககிட்டப் புது ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கெழமை சாயங்காலம் பொழுதோட நானு பிளானை எடுத்துட்டு மெட்ராஸ் போறேன். அதுக்கு மேல ஆண்டவனாலயும் மாத்த முடியாது."

அன்று சாயங்காலமே கோமளா வீடு வீடாக ஏறினாள். நாலாவது வீட்டு உம்மல் குல்சும் அம்மாவிடம்தான் முதலில் போனாள். அத்தர் வியாபாரம் செய்த கணவர் தவறிய பிறகு, தனியாக வீட்டை நடத்துகிற மனுஷி.

"ஏம்மா, மழைக்கு உங்க ஊட்டுக்குள்ள தண்ணி வருமுங்களா?"

"அல்லாஹ் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லம்மா. உட்காரு, டீ குடிச்சுட்டுப் போ."

அடுத்த வீட்டிலும் அதே பதில்தான். "கொறைன்னு ஒண்ணும் இல்லீங்க. மோரு குடிக்கறீங்களா?" அதற்கடுத்த வீட்டில் நிலக்கடலை கொடுத்தார்கள். கொங்கு நாட்டில் வாசலேறி வந்தவரிடம் முதலில் தண்ணீர்ச் சொம்பை நீட்டுவார்கள். குறையை நீட்ட மாட்டார்கள். அந்த மரியாதையை ஃபாரத்தில் எந்த இடத்தில் எழுதுவது? ஏழு வீடு ஏறி, ஏழு வீட்டிலும் வயிற்றை நிரப்பிக்கொண்டு வெறும் ஃபாரத்தோடு திரும்பினாள். ஓடைப் பாலத்தின் மேல் நின்றபோது அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது.

மறுநாள் மறுபடியும் குல்சும் அம்மாவின் வாசல். இந்த முறை ஃபாரத்தைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். டீயை வாங்கிக்கொண்டு, ஊர்ப் பேச்சுப் போலக் கேட்டாள்:

"அன்னிக்கு அந்த மழைக்கு அரிசி டின்னை எங்கீங்கம்மா கொண்டுபோய் வெச்சீங்க?"

அவ்வளவுதான்! குல்சும் அம்மாவின் கண்கள் பளிச்சென்று விரிந்தன. "அரிசி டின்னா? அதை ஏங் கேக்கறே? பீரோ மேல ஏத்திப்போட்டேன். ஒத்தைப் பொம்பளையா! டின்னு, அதுக்கு மேல குர்ஆன், அதுக்கு மேல பேத்தியோட பொஸ்தகப் பை. பீரோவுல ரெண்டாவது தட்டு வரைக்கும் தண்ணி. என்ற கல்யாணப் பொடவை அந்தத் தட்டுலதான் இருந்துச்சு..." சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. "சாயம் போயி, எல்லாம் ஒரே நெறமாப் போச்சும்மா."

குறையைக் கேட்டால் மறைத்தவர்கள், சமாளித்த கதையைக் கேட்டால் வாய் ஓயாமல் சொன்னார்கள். ஒருவர் ஆட்டுக்குட்டியை அட்டாலிப் பரணில் ஏற்றிய கதை. ஒருவர் ஸ்கூட்டரைக் கட்டிலின் மேல் நிறுத்திய கதை. கோமளா கதையைக் கேட்டாள், சிரித்தாள், கூடவே அழுதாள். பிறகு மெதுவாக ஃபாரத்தை எடுத்தாள். கதை சொன்ன அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. பதினான்கு வீட்டில் வாடகைக் குடி. கையெழுத்துப் போட வீட்டுக்காரர் ஊரில் இல்லை. சிலருக்குச் சைட்டை விற்கிற எண்ணம். ஒருவர், "பட்டா குடுக்கற நேரத்துல இது குறுக்க நின்னா நீங்களா வருவீங்க?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை இருட்டுவதற்குள் பதினோரு ஃபாரம் சேர்ந்தது. மிச்சம் ஒன்று. ஏறாத வாசல் என்று இருந்ததும் ஒன்றுதான். அவளுடைய வாசல்.

"வேண்டாம் கோமளா" என்றாள் தெய்வாத்தாள். மறுநாள் வெற்றிலை பாக்கு மாற்றுவதற்காகத் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பொழுது விடிஞ்சா அவிக வாராங்க. முப்பது வயசுல இப்பத்தான் அவளுக்கு ஒரு எடம் அமைஞ்சிருக்குது. தண்ணிக்குள்ள கெடக்கற ஊட்டுல பொண்ணு எடுத்தாங்கன்னு நாலு பேர் பேசறதுக்கா?"

"மாமாவை நெனைச்சுப் பாருங்கத்தை..."

தட்டு தரையில் ணங்கென்று விழுந்தது. "அவரை இதுக்குள்ள இழுக்காத. பதினோரு நாளு அந்த நெஞ்சு இழுத்த சத்தத்தை நானுதான் கேட்டேன். நீ ஆபீசுக்குப் போயிட்டே."

கோமளா ஃபாரத்தைச் சாமிப் படத்தின் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். கணவன் சென்னிமலை, "அம்மாளை உடு. வேற ஆரையாச்சும் புடி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். வேறு யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மாசாணியம்மாள், ஓடையின் கீழ்ப்பக்கம் ஒரு மைல் தள்ளிக் குட்டைத்தோட்டத்தில் இருப்பவள், வாட்டசாட்டமான பெண்மணி. பேச்சு நல்லபடியாகத்தான் போனது. கீதா பச்சைப் பட்டில், குனிந்த தலையோடு, கோயில் விளக்குப் போல உட்கார்ந்திருந்தாள். அவள் மோவாயைத் தொட்டுப் பார்க்க எழுந்த மாசாணியம்மாள், சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க சம்மந்தி, கரண்டு பிளக்கு எதுக்கு நெஞ்சு ஒசரத்துல வெச்சிருக்கறீங்க? எல்லாரு ஊட்லயும் கீழதான இருக்கும்?"

தெய்வாத்தாளின் முகம் ஒரு கணம் வெளிறியது. "கொழந்தைக கைய உட்டுருமுங்க. அதுக்காவ வெச்சது."

"ஆமாமா, கொழந்தைக கைய உடும்" என்றாள் மாசாணியம்மாள்.

காபித் தட்டோடு நின்ற கோமளா அதைக் கேட்டாள். அந்த வீட்டில் குழந்தை இல்லை. அவளுக்கும் பிறக்கவில்லை. இல்லாத குழந்தையின் பெயரால் ஒரு பொய்!

"கொழந்தைக்கு இல்லீங்க" என்றாள். "தண்ணிக்குங்க. எங்க ஊட்டுக்குள்ள தண்ணி வருமுங்க. என்ற மாமனாரு அந்தத் தண்ணியிலதானுங்க போனாரு."

மாப்பிள்ளையின் தாய்மாமன் டம்ளரைக் கீழே வைத்தார். கீதாவின் தலை இன்னும் குனிந்தது; மடியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. தெய்வாத்தாள் சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மாசாணியம்மாள் மட்டும் அசையவில்லை. கோமளாவைக் கூர்ந்து பார்த்தாள்.

"எத்தனை வருமுங்க?"

"முழங்காலுக்கு மேலீங்க."

"ப்பூ! இவ்வளவுதானா?" என்றாள் மாசாணியம்மாள். "எங்க ஊட்டுல இடுப்பளவுங்க. பிளக்கெல்லாம் இதைக் காட்டியும் ஒரு சாண் மேல. கேட்டா நானும் கொழந்தைகளைத்தான் சொல்லுவேன்!"

தாய்மாமன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டே சிரித்தவள் தெய்வாத்தாள் ஒருத்திதான். அவளாகவே எழுந்துபோய்ச் சாமிப் படத்தின் கீழிருந்த ஃபாரத்தை எடுத்துவந்து, வெற்றிலைத் தட்டின் மேலேயே வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

பன்னிரண்டு!

அந்த ஆனந்தத்திலேயே கோமளா நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அவளோ கேட்டுவிட்டாள்: "உங்க ஊட்டுக்கு இந்த ஃபாரம் எழுத வந்தாங்களா?"

"வந்தாங்களே! சித்தெறும்பு மாதிரி வீதி பூராவும் ஏறுனாங்க. நாங்கெல்லாம் ஒரு கொறையும் இல்லீன்னு சொல்லி, எளநி வெட்டிக் குடுத்தனுப்பிச்சோம்."

கோமளாவின் கையிலிருந்த தட்டு கனத்தது. ஊர் முழுக்க ஏறிய வாசல்கள் எத்தனை? குடித்த இளநீர் எத்தனை? அந்தப் பெரிய தாளில் வெறுமையாகக் கிடக்கும் கட்டங்கள் எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன.

வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு ஃபாரங்களையும் சுந்தரராஜுலுவின் மேஜையில் வைத்தாள். அவர் எண்ணிப் பார்த்தார், கையெழுத்துகளைப் பார்த்தார், தலையசைத்தார். "கெட்டிக்காரிங்க நீங்க. செவப்பு அடிச்சுருங்க."

"சார், இருநூத்திப் பதினெட்டுலயும் வருமுங்க, குட்டைத்தோட்டத்துல. இடுப்பளவு. அங்கயும் 'இல்லை'ன்னு சொல்லிப்போட்டாங்க. எல்லாக் கட்டத்தையும் மறுபடி ஒருக்கா கேக்கோணுமுங்க. கேக்கற கேள்வியை மாத்திக் கேக்கோணுமுங்க."

"நானூறு கட்டத்தையுமா? பொழுதோட எனக்கு ரயிலுங்கம்மா." அவர் புன்னகை செய்தார். "உங்க ஊடு, பாவம்னு ஒத்துக்கிட்டேன். அதோட உடுங்க."

பாவம்! பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்ட உண்மை, அவருக்கு ஒரு வேலைக்காரிக்குக் காட்டிய தயவாகத் தெரிந்திருக்கிறது. கோமளா பல்லைக் கடித்துக்கொண்டு தூரிகையை எடுத்தாள். இருநூற்றுப் பதினேழு சிவப்பானது.

மத்தியானம் கம்ப்யூட்டர் புதுக் கணக்கை அச்சடித்தது. காகிதம் கரகரவென்று வெளியே வந்தது. தன் கட்டத்தைத் தேடினாள்: 2016இலும் நூற்று எழுபது பேர். கண்ணை மூடி, காவல் சாமி கருப்பராயனை நினைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது அடுத்த வரி தெரிந்தது. இருநூற்றுப் பதினெட்டு, குட்டைத்தோட்டம். நேற்று வரை அங்கே 2016க்கு நானூற்றுப் பத்துப் பேர். இப்போது தொள்ளாயிரத்து எண்பது.

கோமளாவின் கட்டத்தை மூடியதும், கம்ப்யூட்டர் அங்கே வரவேண்டியவர்களை அப்படியே தூக்கிப் பக்கத்து மலிவான கட்டத்தில் கொட்டியிருந்தது. தை மாதம் கீதா வலது கால் எடுத்து வைத்து நுழையப் போகிற வீட்டின் வாசலில்!

தாளைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "சார், பாருங்க! இங்க வர்றவங்களை அங்க தள்ளிப்போட்டுதுங்க!"

சுந்தரராஜுலு வரைபடத்தைச் சுருட்டுவதற்காக மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஜனம் எங்கியாச்சும் போய்த்தான ஆகோணுங்கம்மா? வானத்துலயா குடியேறும்?"

அவர் முகம் கழுவப் போன நேரத்தில், கோமளா பென்சிலை எடுத்து, இருநூற்றுப் பதினெட்டாம் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எழுதினாள்: 'இங்கே இடுப்பளவு வெள்ளம் வரும். குடியிருப்பவர் சொன்னது.'

திரும்பி வந்தவர் குனிந்து அதைப் படித்தார். அப்போதும் கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து, தாள் கிழியாதபடி, அவ்வளவு பதமாக அழித்தார்.

"மெட்ராஸ்ல பெரிய ஆபீசருக பார்க்கற படமுங்க. சுத்தமா இருக்கோணும்" என்று சொல்லி, ரப்பர் தூளை வாயால் ஊதிவிட்டார். பிறகு சுருட்டி, உறைக்குள் போட்டு, ஆட்டோ ஏறினார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கோமளா நெடுநேரம் நின்றாள். வீட்டுக்குப் போகிற பஸ் இரண்டு தரம் வந்து போய்விட்டது. வெற்றிலை மாற்றிய மறுநாளே பெண் வீட்டுக்காரி, அழைப்பில்லாமல், தனியாக மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பது எங்கும் இல்லாத வழக்கம். மாமியாருக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகும். போய் என்னத்தைச் சொல்வது? 'எங்களைக் காப்பாற்றிக்கொண்டு உங்களைத் தண்ணீரில் தள்ளிவிட்டேன்' என்றா? அதைக் கேட்ட பிறகும் அவர்கள் கீதாவை எடுப்பார்களா?

குட்டைத்தோட்டம் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மா, ஏறுறீங்களா, இல்லீங்களா?" என்று சலித்துக்கொண்டார்.

கோமளா ஏறினாள்.